ஓப்பன் ஆக்சஸ் கட்டணமா? கார்டை எடுக்கும் முன் நூலகத்துக்குப் போய் வாருங்கள்

கடலூர் சிப்காட்டின் காற்று, நிலத்தடி நீர் பற்றி ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள், உள்ளூர் நிருபர்கள், வழக்கு நடத்துகிற வக்கீல். 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்துப் போட்ட பண்ருட்டி முந்திரி, பலா பற்றிய கட்டுரை என்றால் விவசாயிகளும் வேளாண் அலுவலர்களும் படிக்க வேண்டும். ஆனால் கூகுளில் தலைப்பைத் தட்டினால் பத்து வரிச் சுருக்கம் மட்டும் திறக்கும். மீதியைப் படிக்க முப்பது, நாற்பது டாலர் கேட்கும். இந்தப் பூட்டு இல்லாமல் யாரும் படிக்கலாம், பகிரலாம் என்று வெளியிடுவதுதான் ஓப்பன் ஆக்சஸ். 2002இல் புடாபெஸ்ட் பிரகடனத்தில் இதற்கு ஒரு வரையறை கிடைத்தது. நம் பக்கத்தில் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் இதற்காகப் பல ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்திருக்கிறார்கள்.

சரி, படிப்பவர் பணம் கட்டாவிட்டால் யார் கட்டுவது? பல இதழ்களில் அந்தச் சுமை எழுதியவர் தலையில் விழுகிறது. ஏபிசி என்று சுருக்கமாகச் சொல்லும் வெளியீட்டுக் கட்டணம் அது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ, ஜிப்மரிலோ, ஏதாவது ஓர் அரசுக் கல்லூரியிலோ இப்போதுதான் பிஎச்டி சேர்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் பேப்பர் அனுப்பப் போகிற நேரத்தில் படித்தால் பயன்படும். அக்செப்ட் ஆன பிறகு படித்தால் பாதிப் பயன்தான், ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

2,000 டாலர் கேட்கும் இதழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது நடுத்தர விலைதான். நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. 2,000 டாலருக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்தால் 2,360 டாலர். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் 2,07,680 ரூபாய். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையாக மாதம் 37,000 வாங்கும் மாணவருக்கு இது ஐந்தரை மாத உதவித்தொகை. நெட் தகுதித் தேர்வில் தேறாமல் மாதம் 8,000 ரூபாயில் காலம் தள்ளும் மத்தியப் பல்கலைக்கழக மாணவருக்கு ஏறத்தாழ 26 மாதப் பணம். இவ்வளவையும் கைக்காசில் கட்ட எந்த விதியும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டியவர்களில் பலர் வேறு வழி இருந்ததே தெரியாமல் கட்டியவர்கள்.

இதழைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி

பேப்பரை எழுதத் தொடங்கும்போதே இதழ்களின் பட்டியல் ஒன்று போடுவீர்கள். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இது எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கோல்டு வகை இதழில் எல்லாக் கட்டுரையும் திறந்தே இருக்கும், பெரும்பாலும் கட்டணம் உண்டு. டைமண்ட் வகையும் திறந்ததுதான், எழுதுபவருக்கும் செலவில்லை. ஏதாவது ஒரு கழகமோ அரசு நிறுவனமோ செலவை ஏற்றிருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் பிரமாணா, சாதனா போன்ற இதழ்களை அகாடமியின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம், எழுதுபவரிடமும் வெளியீட்டுக் கட்டணம் கேட்பதில்லை. மூன்றாவதான ஹைப்ரிட் இதழில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அது சந்தா இதழ். ஆனால் பணம் கட்டினால் உங்கள் கட்டுரையை மட்டும் திறந்து வைப்பார்கள்.

ஹைப்ரிட்டில் என்ன நடக்கிறது என்றால், பேப்பர் அக்செப்ட் ஆனதும் ஒரு இணைப்பு வரும். திறந்தால் இரண்டு வட்டங்கள் இருக்கும். ஒன்றில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்று பெரிய எழுத்து, அதன் பெருமைகள், பக்கத்திலேயே டாலரில் ஒரு தொகை. இன்னொன்றில் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்று இருக்கும், அதைப் பற்றி அதிகம் பேச்சிருக்காது. இரண்டாவதைத் தொட்டால் கட்டணமே இல்லை, பேப்பர் அதே இதழில், அதே டிஓஐ எண்ணோடு, அதாவது கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணோடு, வரும். இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் கட்டாவிட்டால் பேப்பர் வராது என்று நினைத்து கைடுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு போன் போடாதீர்கள். சப்ஸ்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு கட்டுரையைச் சட்டப்படியே திறந்து வைக்கும் வழியும் இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

இதழ்களைத் தேட டிஓஏஜே என்ற பட்டியல் இருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கியது. அதில் கட்டணமில்லா இதழ்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. உங்கள் துறைச் சொல்லைப் போட்டு, அந்த வடிகட்டியைத் தட்டி, வருகிற பெயர்களை கைடிடம் காட்டுங்கள். இது பத்து நிமிட வேலை.

வாட்ஸாப்பில் வரும் ‘48 மணி நேரத்தில் வெளியீடு, 2,500 ரூபாய் மட்டும்’ விளம்பரங்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, தொடாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தரமான இதழ்கள் என்று யூஜிசி வைத்திருந்த ‘யூஜிசி கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் யூஜிசியே கைவிட்டுவிட்டது. இன்னும் ‘யூஜிசி கேர் ஜர்னல்’ என்று விற்பவர் பழைய சரக்கை விற்கிறார். பெரிய பட்டியலில் இருக்கிறது என்பதாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இதழின் சமீபத்திய கட்டுரைகள் நாலைத் திறந்து படித்துப் பாருங்கள். உங்கள் துறையில் மதிக்கும் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்பது எந்தப் பட்டியலையும் விட நம்பகமான சோதனை.

அனுப்பும் முன் நூலகத்துக்கு

நூலகங்களில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது.

“சார், பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணுமாம்.”

“எந்த ஜர்னல்ப்பா? யாரு கரஸ்பாண்டிங் ஆதர்?”

“வெளியூர்ல இருக்கற இன்னொரு சார்.”

“மெயில் ஐடி?”

“ஜிமெயில்தான் சார்.”

இந்த ஐந்து வரிக்குள் உதவி கிடைக்கும் வழிகளில் பாதி அடைபட்டுவிட்டது. காரணத்தைப் பார்ப்போம்.

பல்கலைக்கழக நூலகங்கள் ஓப்பன் ஆக்சஸுக்குப் பணம் தரும் பழக்கம் வெளிநாட்டில் பரவியது. 2009இல் கார்னெல், டார்ட்மத், ஹார்வர்டு, எம்ஐடி, பெர்க்லி ஆகிய ஐந்தும் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்தன. சந்தாவுக்குச் செலவிடுவதைப் போலவே, தங்கள் ஆய்வாளர்கள் திறந்த இதழில் வெளியிடவும் நிதி வைப்போம் என்றன. அதன் பிறகு வந்த நூலக நிதிகளின் விதிகள் பெரும்பாலும் ஒரே சாயல். கரஸ்பாண்டிங் ஆதர், அதாவது பேப்பர் சார்பாக இதழோடு தொடர்பு கொள்பவர், அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இதழ் முழுக்கத் திறந்ததாக, டிஓஏஜேயில் உள்ளதாக இருக்க வேண்டும். ஹைப்ரிட்டுக்குப் பல இடங்களில் தர மாட்டார்கள். அந்த இதழுக்கு நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டுகிறது, அதே பேப்பருக்கு இன்னொரு முறை ஏன் கட்ட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஒரு பேப்பருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். புராஜெக்ட் பணம் கையில் இருந்தால் முதலில் அதைச் செலவழிக்கச் சொல்வார்கள்.

இந்தியாவில் இப்படித் தனியாக நிதி ஒதுக்கிய நூலகங்கள் குறைவு. ஆனால் நிலைமை மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300க்கு மேற்பட்டவை இதில் சேர்கின்றன. நடத்துவது பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம். அரசு நிறுவனங்களாகிய புதுவைப் பல்கலைக்கழகம், ஜிப்மர், அண்ணாமலை, அரசுக் கல்லூரிகள் எல்லாம் இந்த வரையறைக்குள் வரும். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. நமக்கு வேண்டிய செய்தி இதன் மறுபக்கத்தில் இருக்கிறது. தேர்ந்தெடுத்த தரமான ஓப்பன் ஆக்சஸ் இதழ்களில் வெளியிடுபவர்களின் கட்டணத்துக்காக ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் என்றும் அறிவித்திருக்கிறார்கள். சந்தா என்ற பெயரைக் கேட்டுவிட்டு இது படிப்பதற்கு மட்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே நூலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் நிறுவனத்தில் இந்தத் திட்டத்துக்கு நோடல் ஆபிஸர் யார்? நான் அனுப்ப நினைக்கும் இதழுக்குக் கட்டண உதவியோ தள்ளுபடியோ இப்போது உண்டா? நிறுவனத்தின் சொந்த நிதியில், அதாவது ஆய்வு மானியம், துறை நிதி, டீன் அலுவலக நிதி போன்றவற்றில், வெளியீட்டுக் கட்டணத்துக்கு இடம் இருக்கிறதா? காலாப்பட்டு ஆனந்தரங்கப் பிள்ளை நூலகமாக இருந்தாலும் உங்கள் கல்லூரியின் சின்ன நூலகமாக இருந்தாலும் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது இதழின் பெயர், ஐஎஸ்எஸ்என் எண், கட்டணப் பக்கத்தின் ஒரு பிரிண்ட் கையில் இருக்கட்டும். வாயால் சொல்லி, அவர் தேடி, வேறு இதழைப் பார்த்து பதில் சொல்லி என்று சுற்றுவது மிச்சம். இதே பெயரில் மூன்று இதழ்கள் இருக்கும் காலம் இது.

சப்மிட் செய்யும்போது

இங்கே நிதானம் வேண்டும். பதிப்பகத்தின் கணினி உங்களை இரண்டு அடையாளங்களால்தான் கண்டுபிடிக்கிறது. கரஸ்பாண்டிங் ஆதரின் மெயில் முகவரி ஒன்று, அஃபிலியேஷன், அதாவது நீங்கள் சேர்ந்திருக்கும் நிறுவனம், என்ற பட்டியலில் தேர்ந்தெடுத்த பெயர் மற்றொன்று. இரண்டும் பொருந்தினால் தள்ளுபடியோ ஒப்பந்தமோ தானாகத் திரையில் வரும். ஜிமெயில் போட்டால் வராமல் போகலாம். பெயரைத் தட்டச்சு செய்யாமல், அது காட்டும் பட்டியலிலிருந்தே எடுங்கள். ‘பாண்டிச்சேரி’ என்று ஒரு முறையும் ‘புதுச்சேரி’ என்று இன்னொரு முறையும் எழுதினால் அதற்கு இரண்டு ஊர்.

கரஸ்பாண்டிங் ஆதர் யார் என்பதையும் அனுப்பும் முன்பே பேசி முடியுங்கள். அக்செப்ட் ஆன பிறகு மாற்றினால் பல பதிப்பகங்கள் கேள்வி கேட்கும், சில மறுக்கும். ஜெர்மனி, பிரிட்டன், நெதர்லாந்து போன்ற இடங்களில் பல்கலைக்கழகங்கள் பெரிய பதிப்பகங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அங்கே இருக்கும் கூட்டாளி கரஸ்பாண்டிங் ஆதரானால் நமக்குச் செலவில்லாமலே திறக்கலாம். நல்ல வழிதான், அவர் உண்மையிலேயே பேப்பரை வழிநடத்தியவராக இருந்தால். காசுக்காக மட்டும் பெயரை இடம் மாற்றினால், நாளை நேர்காணலில் “இது யாருடைய வேலை?” என்று கேட்கும்போது நீங்கள்தான் விழிக்க வேண்டும்.

கட்டணத் தள்ளுபடி கேட்பதற்கும் இதுதான் நேரம். அக்செப்ட் ஆன பிறகு கேட்டால் பெரும்பாலான இதழ்கள் ஏற்பதில்லை. ஏழை நாடுகளுக்குத் தானாகக் கிடைக்கும் முழு விலக்கு பொதுவாக நமக்கு வராது. உதாரணமாக ஸ்பிரிங்கர் நேச்சர், நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தின் அளவையும் பார்ப்பதால் இந்தியா வெளியே நிற்கிறது. தனி வேண்டுகோள் வைக்கலாம். நான்கு வரி போதும்: இந்த ஆய்வுக்கு வெளி நிதி இல்லை, என் மாத உதவித்தொகை இவ்வளவு, என் நூலகத்திலும் துறையிலும் கேட்டேன், இவ்வளவுதான் கிடைத்தது அல்லது ஒன்றும் இல்லை, ஆகவே முழு விலக்கோ பகுதி விலக்கோ வேண்டுகிறேன். புலம்பல் வேண்டாம், எண்களைச் சொல்லுங்கள். நூலகர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் இணைத்துவிடுங்கள்.

பணம் கிடைத்துவிட்டது என்றால்

நிதி ஒப்புதலாகிவிட்டது என்று துள்ளிக் குதிப்பதற்குள் கோப்பு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போகும். நிஜமான தாமதம் அங்கேதான். பதிப்பகம் வழக்கமாக ஒரு மாதம் போல் தவணை கொடுக்கும், நம் கோப்பு நடக்கும் வேகம் உங்களுக்கே தெரியும். மார்ச் மாதமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அக்செப்ட் மெயில் வந்த அன்றே புரொஃபார்மா இன்வாய்ஸ், அதாவது பணம் கட்டும் முன் தரும் மாதிரி பில், கேளுங்கள். அது உங்கள் பெயரில் வரக்கூடாது, நிறுவனத்தின் பெயரிலும் முகவரியிலும் வர வேண்டும். பேப்பர் தலைப்பும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணை அதில் கொடுத்தால் வரியை யார் கட்டுவது என்ற கணக்கே மாறும், அதனால் அக்கவுண்ட்ஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். டாலரில் பணம் அனுப்ப வருமான வரிப் படிவங்களும் சில சமயம் தணிக்கையாளர் சான்றும் தேவைப்படும். பதிப்பகத்திடமிருந்து வங்கி விவரம், அவர்கள் நாட்டு வரிச் சான்று போன்றவற்றையும் கேட்பார்கள். இதெல்லாம் பதிப்பகங்களிடம் தயாராக இருக்கும், மெயில் போட்டால் அனுப்புவார்கள். நாள் தாண்டும் போலிருந்தால் தவணை முடிவதற்கு முன்பே “எங்கள் நிறுவனத்தில் பணம் ஒப்புதலாகிவிட்டது, அனுப்பும் பணி நடக்கிறது” என்று எழுதி நீட்டிப்பு வாங்கிவிடுங்கள். அநேகமாகக் கொடுப்பார்கள்.

கைடின் கார்டிலோ உங்கள் கார்டிலோ கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கும் முறையும் நடக்கிறது. அதற்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரசீதோடு, ரூபாயில் எவ்வளவு பிடித்தார்கள் என்று காட்டும் கார்டு ஸ்டேட்மெண்டும் தேவை. வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தைச் சில அலுவலகங்கள் திருப்பித் தருவதில்லை.

பணம் கிடைக்காவிட்டால்

என்னைக் கேட்டால் முதல் பேப்பருக்கு இந்த வழிதான் நல்லது. சந்தா முறையில் இலவசமாக வெளியிட்டுவிட்டு, ஏற்பு வடிவத்தைக் களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளை யாரும் படிக்கத் திறந்து வைக்கும் இணையச் சேமிப்பகத்தில், வையுங்கள். ஏற்பு வடிவம் என்பது ரிவ்யூ திருத்தங்கள் முடிந்து, இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் பக்கம் வடிவமைக்காத உங்கள் வேர்டு கோப்பு. இதைத்தான் கிரீன் ஓப்பன் ஆக்சஸ் என்கிறார்கள். காசு வேண்டாம்.

எந்த இதழ் எதை எப்போது அனுமதிக்கிறது என்பதைப் பார்க்க, ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் இருந்து இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் ஆகியிருக்கும் பிரிட்டன் ஜிஸ்க் நிறுவனத்தின் தளம் இருக்கிறது. சேஜ், எமரால்டு போன்ற பதிப்பகங்கள் நிறுவனக் களஞ்சியத்தில் உடனே வைக்க விடுகின்றன. ஸ்பிரிங்கர் சந்தா இதழ்களில் பொதுவாக 12 மாதம் பொறுக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி), உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) பணத்தில் செய்த ஆய்வு என்றால் 2014 டிசம்பர் கொள்கைப்படி இப்படி வைப்பது உங்கள் கடமையும்கூட. பிரெஞ்சுக் கூட்டாளிகளோடு எழுதுபவர்களுக்கு, புதுவையில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனம் காரணமாக அப்படிப் பலர் உண்டு, இன்னொரு கதவு இருக்கிறது. பாதிக்குக் குறையாமல் பிரெஞ்சு அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் ஏற்பு வடிவத்தை, அறிவியல் என்றால் 6 மாதத்திலும் மானுடவியல், சமூகவியல் என்றால் 12 மாதத்திலும் ஆசிரியர் திறந்து வைக்கலாம் என்று அவர்களின் 2016 சட்டம் சொல்கிறது. அவர்களின் ஹால் களஞ்சியம் அதற்குத்தான்.

இதழுக்குப் போகும் முன்பே கட்டுரையை, ப்ரீபிரிண்ட் என்ற பெயரில், இணையத்தில் திறந்து வைக்கவும் செய்யலாம். இயற்பியல், கணிதக்காரர்களுக்கு அதற்கென 1991இலிருந்து ஆர்க்சிவ் இருக்கிறது. உயிரியலுக்கு பயோஆர்க்சிவ். அனுப்பும் முன் இதழ் ப்ரீபிரிண்டை ஏற்கிறதா என்று பாருங்கள், மருத்துவ இதழ்கள் சிலவற்றில் நிபந்தனைகள் உண்டு. கடைசி வேர்டு கோப்பை மட்டும் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து களஞ்சியத்துக்கு அது வேண்டும் என்று கேட்கும்போது, ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘சார் கரெக்‌ஷன் ஃபைனல்’ என்று லேப்டாப்பில் கிடக்கும் ஏழெட்டுக் கோப்புகளில் எது என்று தேடுவது பெரிய பாடு.

ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் பதிப்பகத்தின் பிடிஎஃபை அப்படியே ஏற்றுவது இதற்குப் பதில் ஆகாது. சந்தா இதழில் காப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகு அந்த வடிவத்தை ஏற்ற உங்களுக்கு உரிமை இருக்காது.

வெளியான பிறகு

பணம் கட்டித் திறந்த பேப்பர் என்றால், வெளியான அன்று வளாகத்து வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வளாகத்துக்குள் சந்தா இருப்பதால் பூட்டிய பேப்பரும் திறந்தது போலத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்க்கும்போது ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமக் குறி இருக்கிறதா, லாகின் கேட்காமல் பிடிஎஃப் இறங்குகிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் இன்வாய்ஸ் எண்ணையும் பணம் கட்டிய தேதியையும் குறிப்பிட்டுப் பதிப்பகத்துக்கு மெயில் போடுங்கள், திறந்துவிடுவார்கள். நிதி கொடுத்த நூலகத்துக்கு டிஓஐயும் ரசீதும் ஒரு நகல் போகட்டும். கணக்கு முடிக்க அவர்களுக்கு அது வேண்டும், உங்களுக்குப் பிறகு வருகிற மாணவருக்குப் பணம் கேட்கும்போது காட்டவும் அதுதான் ஆதாரம்.